தருமபுரியின் ரத்தத்தைத் தருமபுரியிலேயே கற்றுக்கொடுங்கள்

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியப் பெருமக்களுக்கு,

நோய்க்குறியியல், பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு, சமூக மருத்துவம், ரத்த வங்கி என்று ஆறு இடங்களில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பேச வந்த விஷயம் எந்த ஒரு துறைக்கும் முழுச் சொந்தமாக இல்லாமல் ஆறிலும் சிதறிக் கிடக்கிறது. அதுதான் என் முதல் குறையும். ரத்த நோய்களைச் சொல்கிறேன். ஸ்லைடு நோய்க்குறியியலில் இருக்கிறது. வெளுத்துப்போன ஆள் மருத்துவ வார்டில், அவர் பிள்ளை குழந்தைகள் வார்டில், மருமகள் மகப்பேறு ஓ.பி.யில். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் தின்னும் சோறும் சமூக மருத்துவத்தின் பாடம். ஏற்ற வேண்டிய ரத்தம் ரத்த வங்கியில். இந்த ஆறையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்துப் பார்க்கிற வேலையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது மாணவர் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்து ரத்த நோய்களை, மாணவர் தானே கேள்வி கேட்டு, பரிசோதனை எழுதி, முடிவெடுத்து நகர்த்த வேண்டிய இணையவழி கேஸ்களாக நீங்களே சேர்ந்து எழுதித் தர வேண்டும். இந்த மடலின் கோரிக்கை அவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்கான வாதம்.

இப்போது எப்படி நடக்கிறது என்று நீங்கள் அறியாததல்ல. இரண்டாம் கட்டப் படிப்பில் இரும்புச்சத்துக் குறைவு ஒரு வகுப்பு, தலசீமியா இன்னொரு வகுப்பு, அரிவாள் அணு நோய் வேறொரு நாள். ஒவ்வொன்றுக்கும் காரணம், ஸ்மியர், பரிசோதனை, சிகிச்சை என்று வரிசையாக எழுதிக்கொண்டு மாணவர் வைவாவுக்குப் போகிறார். "தலசீமியாவில் ஸ்மியர் எப்படி இருக்கும்?" என்று நீங்கள் கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பார். ஆனால் பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வருகிற நோயாளி எந்தப் பாடத்தில் தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கை கால் அசதியா இருக்கு, நடந்தா மூச்சு வாங்குது" என்று வருவார். நோயின் பெயரிலிருந்து அறிகுறிக்கு இறங்கப் பழகியவருக்கு அறிகுறியிலிருந்து நோய்க்கு ஏறத் தெரியாது. அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். திரும்பத் திரும்ப, தப்பாகச் செய்து, தப்பு என்று உடனே தெரிந்து, மறுபடி செய்து பார்க்கிற பழக்கம். ஆண்டுக்கு 100 பேர் சேரும் கல்லூரியில் அந்தப் பழக்கத்தை வார்டு மட்டும் தந்துவிடும் என்பது கணக்குக்கே ஒத்துவராது. யாருடைய போஸ்டிங்கில் எந்த நோயாளி வந்து படுக்கிறார் என்பது அதிர்ஷ்டம். ஹீமோபீலியாப் பையனை ஒரு யூனிட் பார்க்கும். மற்ற யூனிட் கேள்விப்படும்.

நான் கேட்பது எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டிவிடுகிறேன். 22 வயதுப் பெண், பென்னாகரம் பக்கத்து ஊர், இரண்டாவது கர்ப்பம், 10 வாரம். திரையில் முதலில் வருவது இவ்வளவுதான். அவர் பேச்சும் அவர் பேசுகிறபடியே வர வேண்டும். "மொத புள்ளைக்கே ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. சத்து மாத்திரை குடுத்தாங்க. ஏறவே இல்ல." மாணவர் என்ன கேட்பார்? மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டாயா என்று கேட்கலாம். கேட்டால்தான், "சாப்ட்டேன், வெளிக்கி கருப்பாத்தான் போச்சு" என்ற பதில் வரும். மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. கேட்காதவருக்கு அந்தப் பதில் கிடைக்காது. அடுத்து ரத்த எண்ணிக்கை: ஹீமோகுளோபின் 9.6, சிவப்பணுக்கள் 49 லட்சம், எம்.சி.வி. 62. இங்கே கேஸ் நின்றுவிட வேண்டும். மாணவர் ஒரு முடிவெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்கக் கூடாது. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தவர் மாத்திரையைத் தொடரச் சொல்வார், அல்லது அயர்ன் சுக்ரோஸ் ஊசிக்கு எழுதுவார். மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தவருக்கு ஒரு முரண் தட்டுப்படும். ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கிறது, அணுவும் சிறுத்திருக்கிறது. ஆனால் அணுக்களின் எண்ணிக்கை குறையவில்லையே! 1973-ல் மென்ட்சர் சொன்ன எளிய வகுத்தல் கணக்கு இது: 62-ஐ 4.9-ஆல் வகுத்தால் 12.7, பதின்மூன்றுக்குக் கீழே. இரும்புக் குறைவைவிட தலசீமியாக் கடத்தியாக இருக்கும் வாய்ப்பைப் பார் என்று அந்த எண் காட்டுகிறது. உறுதி செய்துவிடவில்லை, திசை காட்டுகிறது. ஃபெரிட்டினும் எச்.பி.எல்.சி.யும் எழுதியவருக்கு, ஃபெரிட்டின் சரியாக இருப்பதும் ஹீமோகுளோபின் ஏ2 5.1 சதவீதம் என்பதும் தெரியவரும்.

கேஸ் இதோடு முடிந்தால் அது வைவாக் கேள்விதான். முடியக் கூடாது. இந்தப் பெண்ணின் புருஷன் யார்? தாய்மாமன். அவருக்கும் இதே பரிசோதனையை இன்றே எழுதினாயா, அல்லது "அடுத்த மாசம் கூட்டிட்டு வாம்மா" என்றாயா? அடுத்த மாதம் என்று அழுத்தியவருக்குத் திரையில் 14-வது வாரம் வரட்டும். அவரையும் இவரோடு சேர்த்துப் பரிசோதித்து, அவரும் கடத்தி என்று தெரிந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை அந்த இருவருக்கும் புரிகிற தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் சோதனை 10 முதல் 13 வாரத்துக்குள் செய்வது. அந்த வசதி உள்ள ஊருக்கு அனுப்பி, அவர்கள் போய்ச் சேர்ந்து, முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்று மாணவரே கணக்குப் போடட்டும். மாணவர் தாமதித்த ஒரு மாதம் அந்தக் குடும்பத்துக்கு என்ன விலை வைத்தது என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு உறைக்கும்படி சொல்லாது. வார்டிலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் உண்மையான நோயாளியிடம் மாணவரைத் தப்பு செய்யவிட்டு வேடிக்கை பார்க்க நமக்கு உரிமையில்லை. அதே கேஸை இரண்டாம் முறை திறப்பவருக்கு எண்கள் மாறியிருக்கட்டும்: இந்த முறை ஃபெரிட்டினும் குறைவு, ஏ2 3.4 என்று எல்லைக்கோட்டில் நிற்கிறது. இரும்புக் குறைவு ஏ2-வைத் தாழ்த்திக் காட்டும் என்று தெரிந்தவர், இரும்பு கொடுத்துச் சரிசெய்து மறுபடி பார்ப்போமா, கர்ப்பத்தில் அதற்குக் காலம் இருக்கிறதா, காத்திராமல் புருஷனின் ரத்தத்தை முதலில் பார்த்துவிடுவதா என்று யோசிக்க வேண்டிவரும்.

இப்படிப்பட்ட கேஸ்கள் ஏற்கெனவே ஆயிரம் இருக்கின்றனவே, அமெரிக்காவில் அக்விஃபர் என்ற அமைப்பே இதற்காக நடக்கிறதே, வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். போதாது. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி, எந்த ஊரில் எது அதிகம் என்று தெரிவதுதான். அங்கே இரும்புக் குறைவுக்கு உதாரணம் அளவுக்கு மிஞ்சிப் பசும்பால் குடிக்கும் குழந்தை. நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பல்பம் தின்கிறாயா, பச்சரிசி மெல்லுகிறாயா, காட்டு வேலைக்குச் செருப்பில்லாமல் போகிறாயா, மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை துணி மாற்றுகிறாய் என்ற கேள்விகளை விட்டால் என்ன பயன்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருவரில் ஒருவருக்கு மேல் இருக்கும்போது, "ரத்தசோகையா, இந்தா மாத்திரை" என்ற அனிச்சைப் பழக்கம் வருவது இயல்பு. பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அதனால்தான் சரியாக இல்லாத அந்தச் சிலர் வருடக்கணக்கில் மாத்திரையிலேயே கிடக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் வழக்கமாக இருக்கும் ஊரில், மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்கள் இருக்கும் ஊரில், அந்தச் சிலரைத் தேடிப் பிடிக்கும் கண் மாணவருக்கு வேண்டும்.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தருமபுரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. ஆனால் அதைப் பல்லோடும் எலும்போடும் நிறுத்திவிடுகிறோம். டெல்லியில் ஏ.கே. சுசீலாவின் குழு, ஃபுளோரைடு உள்ளே போவதைக் குறைத்தபோது கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் ஏறியதாக 2010-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதியது. குடலின் உட்சுவர் கெடுவதால் சத்து உறிஞ்சப்படுவது குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். அந்த ஒரு ஆய்வை வைத்து எல்லா ரத்தசோகைக்கும் ஃபுளோரைடே காரணம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகையோடு காரிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தால், "போர் தண்ணியா, காவிரித் தண்ணியா?" என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? பாஸ்டனில் எழுதப்பட்ட எந்தக் கேஸிலும் இந்தக் கேள்வி இருக்காது. சென்னையில் எழுதினாலும் இருக்காது என்பதுதான் என் சந்தேகம். இதை எழுத உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

ரத்த நோய் என்றதும் பரம்பரை நோயையும் புற்றுநோயையும் மட்டும் நினைக்க வேண்டாம். நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் இங்கே ஹவுஸ் சர்ஜன் அதிகம் சந்திக்கப்போகும் ரத்த உறைவுக் கோளாறு கண்ணாடி விரியன் கடி. அதற்கான சோதனைக்கு லேப் கூட வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் புதிதாக எடுத்த ரத்தம் 2 மில்லி விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. இத்தனை எளிய சோதனை எத்தனை வழியில் கெடும் என்பதில்தான் பாடமே இருக்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் ரத்தம் நன்றாக இருப்பவருக்கும் உறையாமல் போகலாம், ஏனென்றால் உறைவைத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பு. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அதே தப்பைச் செய்யும். பத்தாவது நிமிடம் பொறுமையிழந்து ஆட்டிப் பார்த்தால் முடிவை நம்ப முடியாது. இதைக் கேஸாக எழுதினால், மாணவர் முன்னால் மூன்று குழாய்களை வைத்து ஒன்றை எடுக்கச் சொல்லலாம். விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகு அடுத்த சோதனை எப்போது என்று கேட்கலாம். ஈரல் உறைவுக் காரணிகளை மீண்டும் உண்டாக்கச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டு அடுத்த டோஸ் ஏற்றமாட்டார். விஷமுறிவு மருந்துக்கு முன்னால் பிளாஸ்மாவை ஏற்றச் சொன்னவருக்கு, ஏற்றிய காரணிகளும் விஷத்துக்கே இரையாவதைக் காட்டலாம். இரவு 2 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும்போது முதல் முறையாக இதை யோசிப்பதற்கும், ஏற்கெனவே நாலு முறை தப்பும் சரியுமாகச் செய்து பார்த்துவிட்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நோயாளியின் சிறுநீரகத்தில் தெரியும்.

இது பலன் தருமா என்பதற்கு ஆதாரம் கேட்பீர்கள், கேட்க வேண்டும். கணினி வழி மெய்நிகர் நோயாளிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2010-ல் டேவிட் குக் குழுவும், 2019-ல் கோனோனோவிச் குழுவும் வெளியிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. பின்னது 51 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிட்டால் தகவலறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயை யோசித்துக் கண்டுபிடிப்பது போன்ற திறன்களில் கேஸ்களால் படித்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் பாதிதான். தலசீமியாவின் மரபணுவைச் சொல்லிக்கொடுக்க இது தேவையில்லை. உங்கள் விரிவுரை போதும், புத்தகம் போதும். முடிவெடுக்கப் பழக்குவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். குறையையும் மறைக்கக் கூடாது: அந்தச் சோதனைகளில் பெரும்பகுதி வசதியான நாடுகளில் நடந்தவை, பெரும்பாலும் படிப்பு முடிந்த கையோடு வைத்த தேர்வில் அளந்தவை. அப்படிப் படித்தவரின் நோயாளிகள் நன்றாக ஆனார்களா என்பது வேறு கேள்வி. இங்கே செய்தால் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் தேடலாம். ஒரு பேட்சுக்குக் கொடுத்து, அவர்கள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது எத்தனை கர்ப்பிணிகளின் கணவருக்கும் சேர்த்துப் பரிசோதனை எழுதினார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினால் போதும்.

நோயாளியின் படுக்கையருகில் நின்று கற்பதற்கு ஈடு உண்டா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். இல்லை. மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கத் திரை கற்றுக்கொடுக்காது. கண் இமையைத் தாழ்த்தி வெளுப்பைப் பார்க்கவும் கற்றுக்கொடுக்காது. ஆனால் படுக்கையருகே நடப்பதையும் நேர்மையாகப் பார்ப்போம். அரிவாள் அணு நோயில் வலி கண்டு துடிக்கும் ஒரு இளைஞரைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். ஒருவர் வரலாறு கேட்கிறார், இருவர் தொட்டுப் பார்க்கிறார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவருக்கு அப்போது வேண்டியது வலிமருந்தும் நீரும். இவருடையதைப் போன்ற கேஸைத் திரையில் இரண்டு முறை செய்துவிட்டு வந்த மாணவர்கள் என்றால், இருவர் போய் ஐந்து நிமிடம் பேசினாலே போதும். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதை அறிந்துதான் வருவார்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். கூடலூரில் அஸ்வினி மருத்துவமனை பல்லாண்டாக இந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்துவருகிறது. 2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய அரிவாள் அணு ஒழிப்பு இயக்கத்தின் பட்டியலில் தமிழ்நாடு இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. சித்தேரி, வத்தல்மலை போன்ற ஊர்களுக்கு நாளை பரிசோதனை முகாமுக்குப் போகப்போவது உங்கள் மாணவர்கள். கரைதிறன் சோதனை பாசிட்டிவ் என்று வந்தால் அது கடத்தியா நோயாளியா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது என்பதை அங்கே போன பிறகா தெரிந்துகொள்வது?

ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்குக் கொரோனா கால வகுப்புகள் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிய முகங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த அலுப்பு. அது விரிவுரையைக் கம்பி வழியே அனுப்பிய முயற்சி; கேட்பவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இங்கே மாணவர் எதுவும் செய்யாவிட்டால் கேஸ் நகராது. சரி, பதிலைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே, சீனியர் விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாரே என்றால், அனுப்பத்தான் செய்வார்கள். அதனால்தான் மதிப்பெண் வைக்க வேண்டாம் என்கிறேன். கேஸை முடித்துவிட்டு வகுப்புக்கு வரட்டும், நீங்கள் அங்கே, "யாரெல்லாம் அயர்ன் சுக்ரோஸ் எழுதினீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். விடை தெரிந்தவர்கூட ஏன் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதுநிலை நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதில் நேரம் செலவிடுவார்களா என்பது நியாயமான கவலை. அந்தத் தேர்வும் இப்போது நோயாளியின் கதையைச் சொல்லி அடுத்து என்ன செய்வாய் என்றுதான் அதிகம் கேட்கிறது. 2019-ல் வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டமும் தானே கற்றலுக்கென்று நேரம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த மணி நேரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நான் கேட்கவில்லை.

சிக்னல் கிடைக்காது, சர்வர் வேண்டும், மென்பொருள் வாங்கக் காசில்லை என்பவை அடுத்த தடைகள். எச்5பி போன்ற இலவசக் கருவிகளில் கிளை பிரியும் கேஸ்களைச் செய்யலாம். ஒரே கோப்பாக மாற்றி இணையம் இல்லாமலும் திறக்கலாம். அதுவும் அலுப்பாக இருந்தால், வாரத் தேர்வுக்கு நீங்கள் ஏற்கெனவே அனுப்பும் கூகுள் ஃபார்மிலேயே எந்தப் பதிலுக்கு எந்தப் பகுதி திறக்க வேண்டும் என்று வைக்க முடியும். முதல் கேஸுக்கு அது தாராளம். சாட்ஜிபிடியைக் கேட்டால் நிமிடத்தில் எழுதித் தந்துவிடுமே என்று ஒரு இளம் உதவிப் பேராசிரியர் நிச்சயம் சொல்வார். தரும். ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் சிவப்பணு எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பொருந்தாத கேஸையும் அதே தன்னம்பிக்கையோடு தரும். வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணைச் சரிபார்ப்பதும், நோயாளியின் பேச்சைத் தருமபுரிப் பேச்சாக ஆக்குவதும் உங்கள் வேலை. உண்மையான தடை நேரம்தான். காலையில் ஓ.பி., நடுவில் வகுப்பு, பிறகு தேசிய மருத்துவ ஆணையத்துக்கு நிரப்ப வேண்டிய படிவங்கள். பதவி உயர்வுக்கு இதழில் வந்த கட்டுரையை எண்ணுகிறார்கள். நல்ல கேஸ் எழுதியதை யாரும் எண்ணுவதில்லை. அந்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை. அது மாறும்வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை பேட்ச் கடந்துபோகும் என்பது மட்டுமே என் கேள்வி. ஆறு துறைகள், துறைக்கு இரண்டு கேஸ். இதில் ஒருவர் தோளில் விழுவது அதிகமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அறுபது குடும்பங்கள் உள்ள மலைக் கிராமத்தில், பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது ஏமாற்று. வயது, கணவரின் தொழில், எத்தனையாவது கர்ப்பம் என்ற மூன்று தகவல் போதும், யாரென்று தெரிந்துவிடும். கடத்தி என்று வெளியே தெரிந்த பெண்ணுக்கு அப்புறம் வரன் அமைவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பையன் கடத்தியாக இருந்தால் அது பேச்சாகக்கூட ஆவதில்லை என்பதும் தெரியும். ஆகவே எந்தக் கேஸும் ஒரு தனி ஆளின் கதையாக இருக்கக் கூடாது. பல நோயாளிகளிடமிருந்து எடுத்துச் சேர்த்து, ஊரை மாற்றி, உறவை மாற்றி எழுதுங்கள். ஸ்லைடின் படத்தைப் போடுமுன் ஓரத்திலிருக்கும் லேப் எண்ணை வெட்டிவிடுங்கள். முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம், சம்மதம் வாங்கியிருந்தாலும். அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்டு மறுக்கிற தைரியம் எத்தனை நோயாளிக்கு இருக்கிறது?

இனி என் வேண்டுகோளைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த இரண்டாமாண்டு மாணவர்கள் ரத்தவியல் பாடத்துக்கு வருவதற்குள் பன்னிரண்டு கேஸ்கள். நோய்க்குறியியல் துறை தன் அலமாரியிலுள்ள நல்ல ஸ்மியர்களைப் படமெடுத்துத் தரட்டும். டெங்குவில் தட்டணு இருபதாயிரத்துக்கு இறங்கி, ரத்தக்கசிவு எதுவும் இல்லாமல், சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாற்றோடு வாசலில் நின்று "பிளேட்லெட் ஏத்துங்க சார்" என்று கத்தும் கேஸைப் பொது மருத்துவம் எழுதட்டும். எண்ணிக்கையை விரட்டாமல் ஹீமடோக்ரிட்டைப் பார்க்கிற நிதானம் அதில்தான் வரும். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தைக்கு இரும்பு சேர்ந்துபோவதைக் குழந்தைகள் நலமும், ரத்தம் ஏற்றும்போது குளிரும் நடுக்கமும் கண்டால் முதலில் எதை நிறுத்துவது என்பதை ரத்த வங்கியும் எழுதட்டும். கர்ப்பிணியின் கேஸை மகப்பேறும் சமூக மருத்துவமும் சேர்ந்துதான் எழுத முடியும். அந்த இரு துறைகளும் அதற்காக ஒரே மேசையில் உட்கார்ந்தால் அதுவே பாதி வெற்றி. எழுதி முடித்ததும் முதலில் மாணவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து, நோயாளியின் பேச்சு இப்படித்தான் இருக்குமா என்று கேளுங்கள். அவர் அடித்துத் திருத்துவதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு போன வருட ஹவுஸ் சர்ஜன்கள் நாலு பேரைச் செய்யச் சொல்லி, எங்கே வழுக்குகிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் ஊர்க் கேஸைப் பதிலுக்குக் கேளுங்கள். நீலகிரியிலிருந்து அரிவாள் அணுக் கேஸ் வந்தால் அதை நாம் எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

பன்னிரண்டும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் பாம்புக்கடியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு வேண்டியது மூன்று குழாய்களின் படம், ஒரு கடிகாரம், உங்களில் யாராவது ஒருவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலை அறுவடைக்கு முன்னால் முடித்துவிட்டால், இந்த வருட ஹவுஸ் சர்ஜன்களுக்கே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்கள் பார்க்கப்போகும் நோயாளிகளின் சார்பில்